நாய்க் கலகம் முதல் கருத்தடை வரை

மாட்டுங்காவில் குடியிருக்கும் நம்மவர்களுக்கு ‘ஃபைவ் கார்டன்ஸ்’ என்ற ஐந்து தோட்டங்களை அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. விடியற்காலையில் கோவிலுக்குப் போய்விட்டு, காப்பி அருந்திவிட்டு, அத்தோட்டங்களைச் சுற்றி நடக்கும் பெரியவர்களைப் பல வருஷங்களாகப் பார்த்து வருகிறேன். தோட்டங்களை ஒட்டி இருப்பது தாதர் பார்ஸி காலனி. அங்கே மர நிழலில் படுத்திருக்கும் நாய்களைக் கவனித்தவர்கள் இரண்டு விஷயங்களைக் கண்டிருப்பார்கள். ஒன்று, அவை மனிதரைக் கண்டதும் வாலை ஒடுக்கிக்கொண்டு ஓடுவதில்லை. மற்றொன்று, பெரும்பாலானவற்றின் ஒரு காதின் ஓரத்தில் கத்தரிக்கோலால் நறுக்கினாற்போல் சிறு வெட்டு ஒன்று இருக்கும். முதல் விஷயத்தின் பின்னால் ஏறக்குறைய இருநூறு வருஷத்துச் சரித்திரம் இருக்கிறது. இரண்டாவதன் பின்னால் இருப்பது முப்பது வருஷத்துச் சரித்திரம். இவ்விரண்டும் எவ்வாறு ஒன்றோடொன்று சேர்ந்தன என்பதையே இங்கே சொல்ல முற்படுகிறேன்.

பார்ஸிகளின் சமயத்தில் நாய்க்கு உயர்ந்த இடம் உண்டு. ஒருவர் இறந்தால், சடலத்தின் முன் ஒரு நாயைக் கொண்டுவந்து அது பார்க்கும்படி செய்வது அவர்களுடைய ஈமச் சடங்கில் ஒரு பகுதி. இரு கண்களுக்கு மேலும் இரண்டு புள்ளிகள் உள்ள நாயை ‘நான்கு கண் நாய்’ என்று போற்றுவார்கள். இத்தகைய மக்கள் செல்வாக்கோடு வாழ்ந்த நகரத்தில்தான் கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரிகள் நாய்களைக் கொல்லும் உத்தரவைப் பிறப்பித்தார்கள். கோடைக்காலத்தில் வெறிநாய்க்கடி அதிகமாகிறது என்பது அவர்கள் எண்ணம். ஆகவே வருஷத்தில் குறிப்பிட்ட சில வாரங்களில், சொந்தக்காரரின்றித் திரியும் நாய்களைப் போலீஸார் கொல்லலாம் என்று விதி செய்தார்கள். 1832-ஆம் வருஷம் அந்த வாரங்களை ஜூன் நடுப்பகுதி வரை நீட்டினார்கள். கொல்லப்படும் நாய் ஒன்றுக்கு எட்டணா வெகுமதியும் உண்டு.

எட்டணா என்பது அக்காலத்தில் அற்பமான தொகையன்று. கணக்குக்குக் காசு என்றான பிறகு, எந்த நாய் வெறி பிடித்தது, எது வீட்டு வாசலில் படுத்திருப்பது என்று யார் பார்ப்பார்கள்? காவலர்கள் வீடுகளுக்குள்ளும் நுழைந்து நாய்களைப் பிடித்தார்கள் என்று குற்றச்சாட்டு எழுந்தது. ஜூன் 6-ஆம் தேதி, பார்ஸிகளின் புனித நாளொன்றில், கோட்டைப் பகுதியில் நாய் கொல்ல வந்த ஐரோப்பியக் காவலர்களை ஒரு கூட்டம் தாக்கியது. மறுநாள் கடைகள் மூடப்பட்டன. பட்டாளத்துக்கு உணவுப் பொருள் கொண்டு போன வண்டிகள் மறிக்கப்பட்டன. பார்ஸிகளோடு ஜைனர்களும் வைஷ்ணவ வணிகர்களும் சேர்ந்துகொண்டார்கள். துருப்புக்களை வரவழைத்துத்தான் சர்க்கார் அமைதியை நிலைநாட்ட முடிந்தது. பம்பாய்க் கலகங்களின் நீண்ட ஜாபிதாவில் இதனையே முதலாவதாக எண்ணுவோர் உண்டு. பிற்காலத்துக் கலகங்களில் மனிதர் மனிதரை வெட்டிக்கொண்டதை நினைத்தால், நாய்க்காக எழுந்த இந்த முதற் கலகம் சற்று மதிப்புக்குரியதாகவே எனக்குத் தோன்றுகிறது.

கலகம் அடங்கியபின் நகரத்துப் பிரமுகர்கள் ஒரு மாற்று வழி தேடினார்கள். 1834-இல் ஜம்செட்ஜி ஜீஜீபாய் என்ற பார்ஸிப் பெருவணிகரும், சேட் மோதிஷா என்ற ஜைன வணிகரும் சேர்ந்து பூலேஷ்வர் பகுதியில் ‘பாஞ்சராப்போள்’ என்ற பிராணிகள் காப்பகத்தை நிறுவினார்கள். நாதியற்ற நாய்களையும் மாடுகளையும் அங்கே வைத்துச் சோறு போட்டார்கள். அந்த ஸ்தாபனம் இன்றும் இருக்கிறது. ஆனால் ஒரு நகரத்துத் தெருநாய்கள் அனைத்தையும் ஒரு முற்றத்தில் அடைத்துச் சோறு போடுவது நடக்கக்கூடிய காரியமா? தர்மம் செய்தவர்களின் பை பெரிது. நாய்கள் குட்டி போடும் வேகமோ அதனினும் பெரிது. இந்த வேறுபாட்டை நேயர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறேன். பின்னால் இது மறுபடியும் வரப்போகிறது.

பிராணி வதைத் தடைச் சங்கம் பம்பாயில் 1874-இல் தோன்றியது. தின்ஷா மாணெக்ஜி பெடிட் என்ற ஆலை முதலாளி, தம் மனைவி சாகர்பாயின் பெயரால் பரேலில் பிராணிகளுக்கென ஓர் ஆஸ்பத்திரி கட்டிக் கொடுத்தார். 1886-இல் பம்பாய் மிருக வைத்தியக் கல்லூரியும் அவ்விடத்திலேயே தொடங்கியது. வைத்தியர்கள் இருந்தார்கள், கத்தி இருந்தது, மயக்க மருந்து இருந்தது. ஆயினும் அந்தக் கத்தியைத் தெருநாயின் பெருக்கத்தைத் தடுக்கப் பயன்படுத்தலாம் என்ற யோசனை செயலாக மாற இன்னும் நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. இடைப்பட்ட காலம் முழுவதும் நகரசபைகள் கொன்றுகொண்டே இருந்தன.

கொன்றவர்களைக் கொடியவர்கள் என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. அவர்கள் அஞ்சியதற்குக் காரணம் இருந்தது. வெறிநாய்க்கடியால் வரும் ஜலபீதி என்ற நோய் ஒருமுறை வெளிப்பட்டுவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. 1885-இல் பிரான்சில் பாஸ்டர் தடுப்பு மருந்து கண்ட பிறகும், அது கிடைக்கும் இடம் இந்தியாவில் 1900 வரை இல்லை. அந்த வருஷம் இமயமலைச் சாரலில் உள்ள கசௌலியில் முதல் நிலையம் ஏற்பட்டது. 1902-இல் தென்னாட்டில் நாய்க்கடிக்கு ஆளான லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கில மாது, அவ்வளவு தூரம் போய்ச் சிகிச்சை பெற இயலாமல் இறந்தாள். அந்தச் சாவு பலர் மனத்தை உலுக்கியது. ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வர் அளித்த நன்கொடையின் துணையோடு, 1907-இல் குன்னூரில் தென்னிந்திய பாஸ்டர் நிலையம் தோன்றியது. கடிபட்டவர்களைக் குன்னூருக்கு அனுப்பிவைத்த கதைகள் தமிழ்நாட்டுப் பழைய குடும்பங்கள் பலவற்றில் இருக்கும். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்டுக்கொண்ட அனுபவத்தை மறக்காதவர்களும் இந்நகரில் நம்மிடையே இருக்கிறார்கள். அந்தப் பழைய மருந்து 2004-ஆம் வருஷத்தோடு நம் நாட்டில் கைவிடப்பட்டது.

ஆகவே பயம் பொய்யன்று. பயத்துக்குக் கண்ட பரிகாரமே பயனற்றதாயிற்று. சென்னைக் கார்ப்பரேஷன் 1860 முதலே நாய்களைப் பிடித்துக் கொன்றுவந்ததாக அங்குள்ள ப்ளூ கிராஸ் அமைப்பினர் எழுதியிருக்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாளொன்றுக்கு ஒரு நாய்க்கும் குறைவாகக் கொல்லப்பட்டதாம். 1995-இல் அது நாளொன்றுக்கு 135 ஆயிற்று என்பது அவர்கள் தரும் கணக்கு. 1970-களின் தொடக்கத்தில் கொல்லப்பட்ட நாய்கள் மிகுந்துபோய், அவற்றின் தோலில் கழுத்துப்பட்டியும் பணப்பையும் செய்து பார்க்க மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தார் முனைந்தார்கள் என்றும் அவர்கள் சொல்கிறார்கள். தோல் பதனிடும் தொழிலோடு திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்த குடும்பத்தினர் இதைப் படித்தால் என்ன நினைப்பார்களோ! பம்பாயிலும் நிலைமை வேறன்று. 1984 முதல் 1994 வரையிலான பத்து வருஷங்களில் மட்டும் ஏறக்குறைய நாலரை லட்சம் நாய்கள் கொல்லப்பட்டன என்று பிராணி நலச் சங்கங்கள் கணக்குச் சொல்கின்றன. பெரும்பாலும் மின்சாரம் பாய்ச்சியே கொன்றார்கள். நாலரை லட்சத்தைக் கொன்ற பிறகும் தெருக்களில் நாய் குறைந்ததாக யாரும் சொல்லவில்லை.

ஏன் குறையவில்லை? நான் வளர்ந்தது தமிழ்நாட்டில் ஒரு சிறு நகரம். எங்கள் தெருவில் மாதம் ஒருமுறை நாய் வண்டி வரும். நீண்ட கழியின் நுனியில் கம்பிச் சுருக்குடன் இருவர் இறங்குவார்கள். வெறித்துக்கொண்டு திரிந்த முரட்டு நாய்கள் வண்டியின் சத்தம் கேட்டவுடனே சந்து சந்தாக ஓடி மறைந்துவிடும். அகப்படுவது, எல்லார் வீட்டிலும் சோறு தின்று எல்லாரையும் நம்பிய கிழநாய்தான். எங்கள் திண்ணையில் படுத்திருந்த செவலை நாய் அப்படித்தான் போயிற்று. வாலை ஆட்டிக்கொண்டே சுருக்குக்குள் தலையைக் கொடுத்தது. பத்து நாட்களில் அடுத்த தெருவிலிருந்து இரண்டு புதிய நாய்கள் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. அவை எங்களில் ஒருவரையும் அறியா. நாங்களும் அவற்றை அறியோம். அந்த வருஷம் எங்கள் தெருவில் கடிபட்டவர்கள் முன்னைவிட அதிகம்.

சிறுவனாய் நான் கண்ட இந்தக் காட்சியில் விஷயத்தின் சாரம் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஒரு தெருவில் எத்தனை நாய் இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது அங்கே கிடைக்கும் எச்சிலும் குப்பையுமே. உள்ளவற்றைக் கொன்றால் உணவு மிஞ்சும். மிஞ்சிய உணவுக்கு வெளியூர் நாய் வரும். தப்பிய பெட்டை நாயின் குட்டிகளும் முன்னைவிட அதிகமாகப் பிழைக்கும். ஒரு ஜோடி நாயிலிருந்து ஆறு வருஷத்தில் பல்லாயிரம் நாய்கள் பிறக்கும் என்று சிலர் கணக்குப் போட்டுப் பயமுறுத்துவார்கள். அது காகிதக் கணக்கு. தெருவில் பிறக்கும் குட்டிகளில் பெரும்பாலானவை ஒரு வயதைக் காண்பதில்லை. பெட்டை நாய் சுமப்பது ஏறத்தாழ 63 நாட்கள். வருஷத்தில் இருமுறை பருவம் வரலாம். அந்தக் குட்டிகளில் எத்தனை பிழைக்கும் என்பதைக் குப்பைத்தொட்டிதான் சொல்லும்.

கொல்வதை விட்டுக் கருத்தடை செய்யலாம் என்று நம் நாட்டில் முதலில் திட்டமாகச் சொன்னவர்கள் சென்னையில் இருந்தார்கள் என்பதை நாம் சற்றே பெருமையோடு நினைவுகூரலாம். விமானி கேப்டன் வி. சுந்தரம், 1959-இல் மழை வெள்ளத்தில் தத்தளித்த இரு நாய்க்குட்டிகளை எடுத்து வந்ததிலிருந்து ப்ளூ கிராஸ் தொடங்கியதாகச் சொல்வார்கள். அவருடைய மகன் சின்னி கிருஷ்ணா பொறியியல் படித்தவர். நூறு வருஷமாகக் கொன்றும் எண்ணிக்கை ஏறுவதேன் என்று அவர் பொறியியலாளர் முறையிலேயே கேள்வி கேட்டார். 1964-இல் அவர்கள் முன்வைத்த யோசனை எளியது: பிடி, கருத்தடை செய், வெறிநோய்த் தடுப்பு ஊசி போடு, பிடித்த இடத்திலேயே திரும்ப விடு. கருத்தடையான நாய் தன் எல்லையைக் காத்து நிற்கும், புதிய நாயை உள்ளே விடாது, குட்டியும் போடாது. சென்னைக் கார்ப்பரேஷன் இதனை ஒப்புக்கொண்டு தென்சென்னையில் நடைமுறைக்குக் கொண்டுவர 1996 ஆயிற்று. சர்க்கார் கோப்புகளோடு வாழ்பவன் என்ற முறையில், முப்பத்திரண்டு வருஷம் எனக்கு வியப்பைத் தரவில்லை.

இதற்கிடையே சட்டத்தில் ஒரு விசித்திரம். ராஜ்ய சபையில் ருக்மிணி தேவி அருண்டேல் 1953-இல் கொண்டுவந்த தனி மசோதாவின் விளைவாகவே 1960-ஆம் வருஷத்துப் பிராணி வதைத் தடைச் சட்டம் பிறந்தது. அவர் தலைமையில் 1962-இல் ஏற்பட்ட பிராணி நல வாரியமும் நீண்ட காலம் சென்னையிலேயே இயங்கியது. ஆயினும் அதே சட்டத்தின் பதினோராம் பிரிவில், தெருநாய்களைக் கொலை அறைகளில் அழிப்பது குற்றமாகாது என்ற விலக்கும் இடம்பெற்றது. கருணையின் சட்டத்துக்குள்ளேயே கொலைக்கு ஒரு வாசல்! 2001 டிசம்பரில் மத்திய சர்க்கார் நாய்களின் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளை வெளியிட்ட பிறகுதான் அந்த வாசல் பெரும்பாலும் சாத்தப்பட்டது.

விதிகளைப் பற்றிச் சொல்லும்போது என் தொழில் சார்ந்த ஒரு குறிப்பு. ஆங்கிலத்தில் ‘ஸ்ட்ரே’ என்ற சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது? ‘தெருநாய்’ என்றால் அது இருக்கும் இடம் தெரிகிறது. ‘நாதியற்ற நாய்’ என்றால் அதன் கதி தெரிகிறது. 2001-ஆம் வருஷத்து விதி தெருநாய் என்றது. அதை நீக்கி வந்த 2023-ஆம் வருஷத்து விதியோ ‘சமுதாயப் பிராணி’ என்று பொருள்படும் சொல்லைக் கையாள்கிறது. பாஷைப் பண்டிதர்கள் இரண்டாவதைக் கண்டு நகைக்கலாம். ஆனால் எங்கள் ஊரில் பாட்டிமார்கள் வெகுகாலமாகவே ‘ஊர்நாய்’ என்றுதான் சொல்லி வந்தார்கள்.

பம்பாய் சென்னைக்குச் சற்று முன்னதாகவே வழி மாறியது. நகரத்துப் பிராணி நலச் சங்கங்கள் வழக்காடியும் வாதாடியும், 1994-இல் கார்ப்பரேஷன் கொலையை நிறுத்திக் கருத்தடையைத் தொடங்கியது. 1998-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அதற்கு நெறிமுறைகள் வகுத்தது. தெருநாய் நலச் சங்கம் மகாலட்சுமியில் தன் சஸ்திர சிகிச்சை நிலையத்தை நடத்திற்று. செம்பூரை அடுத்த தேவ்னாரில் வேறொரு சங்கத்தின் நிலையம் எழுந்தது. 1971-இல் பாந்திராவிலிருந்து இடம் மாறி வந்த பெரிய இறைச்சிக்கூடமும், நகரத்துக் குப்பைமேடும் இருக்கும் இடம் அது. நாய்க்கு எங்கே உணவோ அங்கேயே வைத்தியமும் என்பது பொருத்தந்தான்.

ஒரு நாய்க்குக் கருத்தடை செய்வது பெரிய காரியமன்று. தனி மிருக வைத்தியரிடம் வீட்டு நாயைக் கொண்டுபோனால் அவர் கேட்கும் கட்டணம் பல ஆயிரம் ரூபாயாக இருக்கும். அதையே ஒரு நகரத்துக்குச் செய்வதென்றால் எங்கிருந்து பணம் வரும்? இங்கேதான் பாஞ்சராப்போள் சந்தித்த பழைய கணக்கு மறுபடியும் எதிரே வந்து நிற்கிறது. அதற்குக் கிடைத்த விடை வேலையின் ஒழுங்கு. நாய் பிடிப்பவர்கள் ஒரு வட்டாரத்தை முடித்துவிட்டே அடுத்த வட்டாரத்துக்குப் போகிறார்கள். வைத்தியர் ஒருவர் நாள் முழுவதும் இதே சிகிச்சையைச் செய்து பழகுவதால் கை தேறுகிறது. வெட்டு சிறியதாகிறது, நேரம் குறைகிறது, புண்ணும் விரைவில் ஆறுகிறது. ஆண் நாய்க்கு விரையை நீக்குவது சில நிமிஷ வேலை. பெண் நாய்க்குக் கருப்பையையும் சினைப்பையையும் எடுக்க வேண்டும். அதில்தான் திறமை வேண்டும். மயக்கத்தில் இருக்கும்போதே காதின் ஓரத்தில் அந்தச் சிறு வெட்டு. அடுத்த முறை வண்டி வரும்போது, இது முடிந்தது என்று தூரத்திலிருந்தே தெரிய வேண்டுமல்லவா? பிறகு சில நாள் கூண்டில் உணவும் மருந்தும். கடைசியில் பிடித்த இடத்திலேயே விடுகிறார்கள். அடுத்த தெருவில் விட்டால்கூட அது சண்டையில் அடிபட்டுச் சாகும்.

வெகுகாலம் மத்திய சர்க்கார் இவ்வேலைக்கு நாயொன்றுக்குக் கொடுத்த உதவித்தொகை 445 ரூபாய்: சிகிச்சைக்கும் பராமரிப்புக்கும் 370, பிடித்து வந்து திரும்ப விடுவதற்கு 75. பிற்காலத்தில் திருத்தி அமைத்த திட்டத்தில் நாய்க்கு 800, பூனைக்கு 600 என்று உயர்த்தினார்கள். இந்தத் தொகைக்குள் நல்ல சிகிச்சை செய்ய முடியுமா என்று சங்கத்தார் கேட்பது நியாயமான கேள்வியே. குறைந்த செலவு என்பது ஓர் எல்லைக்குப் பிறகு தைக்காத புண்ணாகவும் கொதிக்காத கத்தியாகவும் முடியும். ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. வெறிநாய்க்கடிக்கு ஒரு மனிதருக்குப் போடும் மருந்தின் செலவோடும், அதற்காக அவர் இழக்கும் கூலியோடும் ஒப்பிட்டால் அது கைக்கு எட்டாத தொகையன்று.

குறைந்த கட்டணக் கருத்தடை வேறு தேசங்களுக்கும் புதிதாகத்தான் வந்தது. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் நகரசபை 1971-இல் தன் செலவில் அத்தகைய நிலையம் திறந்தபோது அது அங்கே ஒரு புதுமை. நம் நாட்டில் முறையாகக் கணக்கெடுத்துக் காட்டியது ஜெய்ப்பூர். அங்கே 1994 முதல் 2002 வரை ஒரு சங்கத்தார் 24,986 நாய்களைப் பிடித்துக் கருத்தடையும் ஊசியும் செய்தார்கள். பெண் நாய்களில் நூற்றுக்கு 65 கருத்தடையான நிலையில், நாய்த்தொகை 28 சதவிகிதம் குறைந்ததாக ஆய்வாளர் எழுதியிருக்கிறார்கள். எட்டு வருஷ உழைப்புக்கு 28 சதவிகிதம். இது பெரிதா, சிறிதா? ஒருநாளில் தெருவைச் சுத்தமாக்க வேண்டும் என்பவருக்குச் சிறிது. நூற்றுமுப்பது வருஷம் கொன்றும் ஒரு சதவிகிதமும் குறையாததைக் கண்டவருக்குப் பெரிது.

பம்பாய் 1995-இல் மும்பை ஆயிற்று. அந்த மும்பையின் கணக்கு அவ்வளவு உற்சாகம் தருவதன்று. 2014-இல் எண்ணியபோது தெருநாய்கள் 95,000-த்துக்குச் சற்று மேல். பத்து வருஷம் கழித்து மறுபடி எண்ணியபோது 90,000-த்துக்குச் சற்று மேல். மக்களும் குப்பையும் பெருகிய பத்து வருஷத்தில் நாய்கள் பெருகவில்லை என்பதே வெற்றி என்று கார்ப்பரேஷன் சொல்லலாம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் ஒரு வட்டாரத்தில் பத்தில் ஏழு நாய்க்குச் செய்யாமல் பாதியில் விட்டால், மிஞ்சியவை அந்தக் குறையை நிரப்பிவிடும் என்பது இந்த வித்தையின் முதல் பாடம். மாட்டுங்காவிலும் தாதர் காலனியிலும் நாயைப் பெயர் சொல்லி அழைத்துப் பிடித்துக் கொடுக்க ஆள் இருக்கிறார்கள். வேலை அங்கே முடிந்துவிடுகிறது. எங்கே முடியவில்லை என்று கேட்டால், வண்டி நுழைய முடியாத சந்துகளிலும் குப்பைமேட்டு ஓரங்களிலும் என்றுதான் சொல்ல வேண்டும். நகரத்தின் வடகோடியில் சஞ்சய் காந்தி தேசிய வனத்தின் சிறுத்தைகள் வருஷத்துக்குச் சுமார் 1,500 தெருநாய்களைத் தின்பதாக 2018-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. கார்ப்பரேஷன் சம்பளம் கொடுக்காத ஊழியர்கள்! தாராவிக்கு அந்த வசதியும் கிடையாது.

தாராவியில் தொண்ணூறு அடிச் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் என் நண்பர் குடும்பம் இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன் அடுத்த வீட்டுச் சிறுவனை, ஏழு வயதிருக்கும், கணுக்காலில் நாய் கடித்துவிட்டது. நான் போயிருந்தபோது அவன் பாட்டி காயத்தின்மேல் சுண்ணாம்பைக் குழைத்துக்கொண்டிருந்தார். “சுண்ணாம்ப வச்சுக் கட்டிட்டா வெசம் எறங்கிரும், தம்பி” என்றார் என்னிடம். அந்த அம்மையார் அறியாமையால் பேசவில்லை. தம் ஊரில் ஆஸ்பத்திரி இல்லாத காலத்தில் கற்றுக்கொண்டதைச் சொன்னார். சுண்ணாம்பைத் துடைத்துவிட்டுச் சவுக்காரமும் குழாய்த் தண்ணீரும் கொண்டு கால்மணி நேரம் கழுவினோம். பிறகு பையனைச் சயான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம். கடித்த நாயைக் காதைப் பார்த்து அடையாளம் சொல்ல முடியுமா என்று கேட்டபோது, “காதுல வெட்டு இல்ல, மாமா” என்றான் பையன். ஊசிகள் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறான். அவன் தாய் நான்கு நாள் வேலைக்குப் போகவில்லை. அந்த நான்கு நாள் கூலி திரும்ப வரவில்லை.

நம் தேசத்தில் வருஷத்துக்கு 18,000 முதல் 20,000 பேர் வரை இந்நோயால் இறப்பதாக உலக சுகாதார ஸ்தாபனம் பல காலம் சொல்லிவந்தது. 2022-23-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் பல மாநிலங்களில் வீடுவீடாகக் கேட்டு எடுத்த கணக்கு சுமார் 5,700 என்கிறது. எது சரியென்றாலும், இறப்பவர்களில் குழந்தைகள் பலர். ஏழைகள் மிகப் பலர். ஆகவே, ‘நாயைத் தொடாதே’ என்பவர்களைக் கண்டு தாராவித் தாய்மார்கள் கோபிப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். காரில் போகிறவர்களின் காலை நாய் கடிப்பதில்லை.

இந்தக் கோபம் நீதிமன்றங்களிலும் எதிரொலித்தது. 2008 டிசம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, தொல்லை தரும் நாய்களைக் கொல்ல இடமுண்டு என்று பெரும்பான்மைத் தீர்ப்பளித்தது. 2009 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதனை நிறுத்திவைத்தது. 2025 ஆகஸ்டு 11-ஆம் தேதி, டில்லி வட்டாரத்துத் தெருநாய்கள் அனைத்தையும் காப்பகங்களில் அடைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் உத்தரவிட்டார்கள். அதே மாதம் 22-ஆம் தேதி மூன்று நீதிபதிகள் அதை மாற்றினார்கள். வெறிபிடித்தவற்றையும் மூர்க்கமானவற்றையும் தவிர, மற்றவற்றைக் கருத்தடையும் ஊசியும் முடித்துப் பிடித்த இடத்திலேயே விடலாம் என்றார்கள். நவம்பரில் பள்ளிகள், ஆஸ்பத்திரிகள், பஸ் நிலையங்கள், ரயில் நிலையங்கள் ஆகிய இடங்களில் பிடித்தவற்றை மட்டும் அங்கே திரும்ப விடலாகாது என்று மற்றோர் உத்தரவு வந்தது. அவற்றை எங்கே வைப்பது என்பதற்கு இடம் தேட வேண்டியிருக்கிறது. 1834-இல் பூலேஷ்வரில் எழுந்த அதே கேள்விதான்.

பூனைகளைப் பற்றியும் ஒரு சொல். எலிக்காகவே நம் நாட்டில் பூனையைப் பொறுத்துக்கொண்டோம். 1896-இல் பிளேக் கண்ட நகரம் இது. எலியடிக்க இரவில் ஆள் வைத்திருக்கும் கார்ப்பரேஷனும் இதுதான். ஆனால் செம்பூர்க் காலனிகளிலும் மீன் சந்தைகளிலும் பூனைகள் பெருகியபோது, நாய்க்குச் செய்ததையே பூனைக்கும் செய்யலாம் என்று 2019-ஐ ஒட்டிய வருஷங்களில் மும்பைக் கார்ப்பரேஷன் தொடங்கியது. பூனையைப் பிடிப்பது நாயைப் பிடிப்பதைக் காட்டிலும் கடினம். கழியும் வலையும் பயன்படா. இரை வைத்த கூண்டு வேண்டும், பொறுமையும் வேண்டும்.

சென்ற குளிர்காலத்தில் தாராவிச் சந்துக்குப் போயிருந்தேன். சாலையோரத்தில் நாய் வண்டி நின்றது. வலையோடு வந்த இரு இளைஞர்களும் மராத்தியும் ஹிந்தியும் பேசுகிறவர்கள். சந்துக்குள் எந்த வளைவு எங்கே போகிறது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. சினையாய் இருந்த கறுப்புப் பெட்டை நாய் எங்கோ ஒளிந்துகொண்டது. சுண்ணாம்பு வைத்த அதே பாட்டி, கையில் ஒரு துண்டு ரொட்டியுடன், இடுப்பைப் பிடித்துக்கொண்டே முன்னால் நடந்தார். “அந்தத் தண்ணி டிரம்முக்குப் பின்னாடி பாருங்க ராசா, அங்கனதான் படுத்துக் கெடக்கும்” என்று தமிழிலேயே சொன்னார். அந்த இளைஞர்களுக்கு அது புரிந்தது. அவர்களுக்குப் பின்னால், கணுக்காலில் வடுவுள்ள பையன், டிரம்முக்கு அந்தப் பக்கத்து வழியைத் தன் பள்ளிப் பையால் அடைத்துக்கொண்டு நின்றான்.